அடுப்பேறாத சூப்

அத்தியாயம் 14

“நீ இதைப் பாக்கல.”

“பாத்துட்டேனே அத்தை.”

“பாக்கலன்னு சொல்லுதேன்லா. ஃப்ரிட்ஜை மூடு.”

“இது இன்சுலின் அத்தை. இதைப் போயி கேக் எசன்ஸ் டப்பாக்குள்ள...”

“ஏ பிள்ள, மெதுவா! மாமா முன்னால கடையிலதான் இருக்காவ. ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு. ஜெனிஷ்ட்டகூட. கையில அடிச்சுச் சொல்லு.”

ஏழு மாதம் ஆகிறது இந்தப் பேச்சு நடந்து. கல்யாணமாகிப் பதினெட்டாம் நாள். கறிவேப்பிலை தேடி ஃப்ரிட்ஜைக் குடைந்த ரெஜினாவின் கையில் அந்த டப்பா அகப்பட்டது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊசியும் குப்பியுமாகப் புழங்குகிறவளுக்கு, உள்ளே இருந்த சின்னப் புட்டியை அடையாளம் காண அரை நொடி போதுமானதாக இருந்தது.

மாமியார் நீட்டிய கையில் அடித்துச் சொல்லிவிட்டாள். அந்த நிமிடமே ஒரு வேண்டுகோளும் அவள் தொண்டை வரை வந்து நின்றது. புது மருமகள் அல்லவா? எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அது மேலே வந்தது. எத்தனையோ முறை விழுங்கினாள்.

மாமியார் தங்கபுஷ்பத்தின் சாட்சியைத் திருவொற்றியூரில் அறியாதவர்கள் குறைவு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சொன்னாள். முன்னூற்று இருபதில் நின்ற சர்க்கரை, அடுப்பிலேயே ஏற்றாத பச்சை சூப்பைக் காலையும் மாலையும் குடித்து, ஜெபித்து, நூற்று முப்பதுக்கு இறங்கியது என்று சொன்னாள். அன்றைக்கு அது பொய்யில்லை. கூடவே மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சபையின் மாதப் பத்திரிகையில் சாட்சி அச்சேறியது. பெண்கள் தேடி வந்தார்கள். சனிக்கிழமைதோறும் சபைக் கூடத்தில் சூப் வகுப்பு தொடங்கியது. இருபத்தைந்து வருஷம் கணவரின் அய்யாத்துரை அரிசி மண்டியின் பின்கட்டில் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்தவள், புஷ்பம் அக்கா ஆனாள்.

ஆறே மாதத்தில் சர்க்கரை பழையபடி ஏறியது. டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தார். தினமும் விடியுமுன் ஒருவருக்கும் தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டாள். சாட்சி சொல்வதற்கு ஆராதனையில் ஓர் இடம் உண்டு. சொன்ன சாட்சியைத் திருப்பி வாங்குவதற்கு எந்த ஆராதனையிலும் இடம் இல்லை.

*

இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு இரண்டாம் ஆண்டு நிறைவு.

காலை ஏழு மணிக்குக் கணவன் ஜெனிஷ் ரெஜினாவைப் பரிசோதனை நிலையத்தில் விட ஸ்கூட்டரில் கூட்டிப் போனான். எண்ணூர் பக்கம் கண்ணெட்டும் வரை கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. ராத்திரியெல்லாம் நின்ற லாரிகள். காற்றில் அம்மோனியா வாடை வழக்கத்தைவிட அடர்த்தியாக இருந்தது.

“என்ன ரெஜி, ராயபுரத்து வாய் இன்னிக்கு லீவா?” என்றான் ஜெனிஷ்.

“ஒண்ணுமில்ல.”

“அம்மாவோட எதாச்சும் சண்டையா?”

“உங்கம்மாவோட சண்டை போட்டா திருவொற்றியூரே சேர்ந்து என்னை மொத்தும். எனக்கென்ன தலையெழுத்தா?”

அவன் சிரித்தான். சிரிப்பு நின்றதும் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “நேத்து அம்மா என்கிட்ட ரெண்டு சேலையக் காட்டி எதைக் கட்டட்டும்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு அவங்க அப்பாகிட்டகூட அப்படிக் கேட்டதில்ல. அந்த சனிக்கிழமைதான் ரெஜி அவங்களுக்கு உசுரு.”

ரெஜினா அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இவனிடமாவது சொல்லிவிட்டால் பாரம் பாதியாகும். ஆனால் சொன்ன சொல் இருக்கிறது.

பரிசோதனை நிலையத்தின் வாசலில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எர்ணாவூர் தாயம்மா. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். சபைக்காரி அல்ல. ஆனாலும் சூப் வகுப்புக்கு ஒரு சனிக்கிழமைகூடத் தவறாதவள்.

“வா பாப்பா. ரத்தம் குடுக்க வந்துகீறேன்.”

“இன்னா தாயம்மா, நீயா வந்து ஊசிக்குக் கை நீட்டுற? அதிசயமா கீதே!”

“நானா எங்க வந்தேன்? ஐரீன் டீச்சரு அனுப்புச்சு. இன்னிக்கு நான்தான் சாட்சி சொல்லப்போறேன், தெரியும்ல? கையில பேப்பரோட வந்து நின்னா நல்லாருக்கும், சுகரு இன்னா நம்பருன்னு படிச்சுக் காட்டலாம்னு சொல்லிச்சு.”

ரெஜினாவின் கை ஒரு கணம் நின்றது. ஐரீன் டீச்சர்தான் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். விழா நோட்டீஸில் தாயம்மாவின் பெயரையும் போட்டிருப்பார்களே!

“வெறும் வயித்தோட வந்தியா?”

“பச்சத் தண்ணிகூடக் குடிக்கல.”

ரத்தம் எடுக்கக் குனிந்தபோதுதான் அந்த வாடை வந்தது. மீன் வாடை இல்லை. ரெஜினா ராயபுரத்தில் பிறந்தவள். உயிர் மீன், ஐஸ் மீன், கருவாடு என்று ஒவ்வொன்றின் வாடையும் அவளுக்கு அத்துப்படி. இது வேறு.

தாயம்மாவின் வலது காலில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. துணியில் மஞ்சள்.

“கால்ல இன்னா?”

“ஒண்ணுமில்ல. மார்க்கெட்டுல எதுவோ குத்திச்சுபோல. எப்போ குத்திச்சுன்னே தெரியல. மஞ்சா வெச்சுக் கட்டிக்கீறேன்.”

“அவுரு, பாக்கலாம்.”

“ஐய, அதை எதுக்கு இப்போ...”

“அவுரு தாயம்மா.”

கட்டைவிரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலின் அடி வரை கறுப்பு இறங்கியிருந்தது. பாதத்தின் மேல்பக்கம் வீங்கி மினுமினுத்தது. ரெஜினா கையுறையோடு விரலை மெல்ல அழுத்தினாள். பிறகு கொஞ்சம் பலமாக அழுத்தினாள். தாயம்மா அவள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்கலயா?”

“இத்தினியூண்டுகூட வலிக்கல. அதான் சொல்றேன், ஆறிக்கினு வருது.”

வலித்திருந்தால் ரெஜினாவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

ரத்தம் எடுத்து அரை மணியில் எண் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. வெறும் வயிற்றில். இயந்திரத்தின் மேல் சந்தேகப்பட்டு இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். நானூற்று எட்டு.

“தாயம்மா, ஆஸ்பத்திரில குடுத்த மாத்திரை போடுறதானே?”

“அதெல்லாம் தூக்கிக் கடாசி அஞ்சு மாசமாச்சு! அங்க போயி அரை நாளு லைனுல நின்னா என் யாவாரம் இன்னாத்துக்காவும்? அக்கா சூப்பு ஒண்ணு போதும். அக்கா மாத்திரையா சாப்புடுது? நல்லாத்தானே கீது!”

ரெஜினா கையுறைகளை உருவிப் போட்டாள்.

“இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். நானே கூட வரேன். ஆட்டோ புடிக்கட்டா?”

தாயம்மாவின் சிரிப்பு போய்விட்டது. துணியை மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

“போனா காலை எடுத்துருவான் பாப்பா. எங்க வூட்டாளுக்கு அப்படித்தான் எடுத்தான். காலு போயி மூணு மாசத்துல ஆளும் போயிட்டாரு. நான் போ மாட்டேன்.”

“இன்னிக்குப் போனா விரலோட போயிரும். இல்லன்னா...”

“இல்லன்னா இன்னா? அக்காகிட்ட கேக்கறேன். அக்கா போன்னு சொல்லட்டும், இந்த நிமிசமே ஆட்டோ ஏறுறேன். நீ சின்னப் பொண்ணு. மிஷினைப் பாத்துப் பேசற. அக்கா அனுபவிச்சுப் பேசற ஆளு.”

எண் எழுதிய தாளை ரெஜினா கொடுக்கவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தர முடியும் என்று சொன்னாள். “இன்னாமோ போ, பேப்பரு இல்லாமயே சொல்லிக்கறேன்” என்று தாயம்மா இறங்கிப் போனாள். டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார். ரெஜினா போனில் விஷயத்தைச் சொன்னாள். “ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதும்மா. எப்படியாவது அட்மிட் பண்ணு” என்றார் அவர்.

*

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த ரெஜினா வீட்டுக்குள் நுழையும்போதே மிக்ஸி சத்தம் கேட்டது.

சமையலறைத் தரை முழுக்கப் பச்சை. முருங்கைக் கொழுந்து, கொத்தமல்லி, புதினா, கூடை கூடையாக வெள்ளரிக்காய். கீரையை மூன்று தண்ணீரில் அலச வேண்டும் என்பது தங்கபுஷ்பத்தின் சட்டம். லாரிப் புகைக்கு முதல் தண்ணீர் கறுப்பாகத்தான் வரும். அந்தக் கறுப்புத் தண்ணீர் இரண்டு அண்டாவில் இன்னும் கொட்டப்படாமல் நின்றது.

அலசிய கீரையோடு வெள்ளரிக்காயும் இஞ்சியும் நெல்லிக்காயும் சேர்த்து அரைத்து, வடிகட்டாமல், நீர்மோரில் கலக்கி, மிளகும் உப்பும் போடுவாள். வாயில் வைத்தால் நாக்கு விழித்துக்கொள்ளும். சூப்பில் ஒரு குற்றமும் இல்லை. ரெஜினாவே தினமும் ஒரு டம்ளர் குடிக்கிறவள்தான்.

“வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இந்த வெள்ளரிக்காயச் சீவு. எண்பது பேரு வாராவளாம். ஐரீன் இப்பதான் போன் பண்ணுனா.”

தங்கபுஷ்பம் மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். முகத்தில் ஒரு மணப்பெண் களை. ரெஜினா வெள்ளரிக்காயைத் தொடவில்லை.

“அத்தை, தாயம்மாவுக்கு இன்னிக்கு சுகர் நானூறு.”

மிக்ஸியை நோக்கிப் போன கை நின்றது.

“கால்ல புண்ணு. கட்டைவிரல் கறுத்துப் போச்சு. அஞ்சு மாசமா மாத்திரையே போடல. நீங்க போடறதில்லன்னு நெனச்சு அவங்களும் நிறுத்திட்டாங்க.”

“நான் யாரையும் நிறுத்தச் சொல்லலியே!”

“நிறுத்தாதன்னும் சொல்லலியே அத்தை.”

தங்கபுஷ்பம் ஒரு கொத்துப் புதினாவை எடுத்தாள். காம்பைக் கிள்ளினாள். இலையைக் கீழே போட்டுவிட்டுக் காம்பைப் பாத்திரத்தில் போட்டாள்.

“எத்தனை பேரு அத்தை அப்படி நிறுத்தியிருப்பாங்க? உங்களுக்குத் தெரியுமா? எனக்கு பயமா இருக்கு.”

“என்னைப் பயங்காட்டாத பிள்ள. இன்னிக்கு வேண்டாம்.”

“ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னாதான் போவாங்களாம்.”

“சொல்லுதேன். கூட்டம் முடியட்டும். தனியாக் கூப்புட்டு, ஆஸ்பத்திரிக்குப் போ தாயம்மான்னு சொல்லுதேன்.”

“வெறும்னே போன்னு சொன்னா போவாங்களா? சூப்பு குடிச்சே உனக்குச் சரியாச்சு, என்னை மட்டும் ஏன் அனுப்புறன்னு கேப்பாங்களே. அப்ப என்ன சொல்வீங்க?”

தங்கபுஷ்பம் மிக்ஸியைப் போட்டாள். அரைபட வேண்டியதெல்லாம் அரைபட்ட பிறகும் நிறுத்தாமல் ஓடவிட்டாள். கடைசியில் நிறுத்தியபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

“நான் இந்த ஊருக்கு வந்து இருவத்தேழு வருசமாச்சு. மண்டிக்கார அம்மான்னுதான் கூப்புடுவாவ. என் பேரு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப ரோட்டுல போனா நாலு பேரு நின்னு பேசுதாவ. அதை எடுத்துட்டா எனக்கு என்ன பிள்ள மிச்சம்? சாட்சி பொய்யின்னு சொன்னா, சாமியவே பொய்யாக்குனவன்னுல்லா சொல்லுவாவ!”

ரெஜினா அவள் தோளைத் தொட்டாள். தொண்டை வரை வந்தது, அந்தப் பழைய வேண்டுகோள். தங்கபுஷ்பத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முந்திக்கொண்டாள்.

“நீ வாக்குக் குடுத்திருக்க.”

ரெஜினா வெள்ளரிக்காயைச் சீவத் தொடங்கினாள்.

*

பதினொரு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. மின்விசிறிகள் சுற்றியும் புழுக்கம் குறையவில்லை. தூரத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் சங்கு நேரம் கெட்ட நேரத்தில் ஊதியது. பெண்கள் எவர்சில்வர் டம்ளர்களோடு ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

“உங்க வீட்டுக்காரர் குடிக்கிறாரா?”

“மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மடக்கு. பொறவு நான் திரும்புனதும் ரோஜாச் செடிக்கு ஊத்திடுதாரு.”

“செடிக்கு சுகர் இறங்கியிருக்குமே!”

ரெஜினா டம்ளர்களில் சூப்பை ஊற்றிக்கொண்டே முகங்களைப் பார்த்தாள். இதில் யார் யார் மாத்திரையை நிறுத்தியவர்கள்? முன்வரிசையில் ஒருத்தி அடிக்கடி தண்ணீர் குடித்தாள். ஜன்னலோரம் ஒருத்தி நோட்டீஸை முகத்துக்கு வெகு அருகில் பிடித்துப் படித்தாள். முன்பெல்லாம் சர்க்கரையின் இந்த அறிகுறிகள் ரெஜினாவின் கண்ணில் பட்டதில்லை. இன்றைக்கு எங்கே திரும்பினாலும் அவையாகவே இருந்தன.

ஐரீன் டீச்சர் ஜெபித்துத் தொடங்கினார். புஷ்பம் அக்காவுக்குச் சால்வை போர்த்தினார்கள். கைதட்டலில் தங்கபுஷ்பம் தலை குனிந்தபடி நின்றாள். அது அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“இப்போ நம்ம தாயம்மா சாட்சி சொல்லுவாங்க.”

தாயம்மா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். செருப்பை வாசலில் விட்டிருந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே அவள் நடந்து வந்த வழியில், மொசைக் தரையில் ஓர் அடி விட்டு ஓர் அடி ஈரமாகப் பதிந்தது. வலது காலின் தடம் மட்டும்.

“யாரோ சூப்பைக் கொட்டிட்டாங்கபோல. துடைக்கச் சொல்லுங்க” என்றார் ஐரீன் டீச்சர்.

தங்கபுஷ்பம் அந்தத் தடங்களைப் பார்த்தாள். தலை நிமிர்ந்து ரெஜினாவைப் பார்த்தாள். சால்வையின் நுனி அவள் விரல்களில் சுருண்டது.

“எல்லாருக்கும் வணக்கம்” என்று தொடங்கினாள் தாயம்மா. மைக்கை மீன் தராசுபோல ஒற்றைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். “எனக்குப் பேச வராது. மீனு விக்கத்தான் வரும். மொத தபா அக்கா இந்த சூப்பைக் குடுத்தப்போ, இன்னாக்கா இது, ஆட்டுக்குக் கலக்குனாப்புல கீதுன்னு கேட்டேன்.”

கூடம் சிரித்தது.

“சூப்புன்னா சுடச்சுட ஆட்டுக்கால் போட்டுக் குடுக்கணும், இது இன்னா ஜில்லுனு கீதுன்னு கலாட்டா பண்ணேன். ஆனா அக்கா விடல. அம்மா செத்தப்பகூட யாரும் எனக்கு இப்படி எடுத்து ஊட்டுனதில்ல. இப்போ அஞ்சு மாசமாச்சு. ஒரு மாத்திரை இல்ல, ஒரு ஊசி இல்ல. அக்காவப் பாத்துக் கத்துக்கினேன். அக்காவுக்கு வந்த சொகம் எனக்கும் வரும்.”

“ஸ்தோத்திரம்!” என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. முன்வரிசைப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் குனிந்தாள். “நானும் இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்” என்றாள். ரெஜினாவின் காதில் அது தெளிவாக விழுந்தது.

தாயம்மா மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள்.

“யக்கா, ஒரே ஒரு ஒதவி. கால்ல சின்னதா ஒரு புண்ணு. உன் மருமவ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு பேஜாரு பண்ணுது. நீ கை வெச்சு ஒரு ஜெபம் சொல்லு. அது போதும் எனக்கு.”

நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். துணியை அவளே அவிழ்த்தாள். முன்வரிசையில் ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் மெல்ல முழங்காலிட்டாள். மாம்பழ நிறச் சேலை ஈரத் தரையில் பட்டது. கையை நீட்டினாள். அந்தக் கறுத்த விரலுக்கு நாலு அங்குலம் மேலே கை நின்றது. கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன. ஜெபம் வரவில்லை.

அவள் ஜெபித்து எழுந்தால் தாயம்மா எர்ணாவூருக்குப் பஸ் ஏறிவிடுவாள். திங்கட்கிழமை விரல் இருக்காது. அடுத்த வாரம் கால் இருக்காது. அதற்கும் அடுத்த வாரம் யார் சாட்சி சொல்வார்கள்?

ரெஜினா சூப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். எண்பது தலைகள் திரும்பின. “என்னம்மா இது, ஜெப நேரத்துல?” என்றார் ஐரீன் டீச்சர். அவள் நிற்கவில்லை. மாமியாருக்குப் பக்கத்தில், அதே ஈரத் தரையில், தானும் முழங்காலிட்டாள்.

தங்கபுஷ்பம் கண்ணைத் திறந்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவ்வளவு சின்ன அசைவு, ரெஜினாவைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது.

ஏழு மாதம் விழுங்கியது இந்த முறை உள்ளே இறங்க மறுத்தது.

“அத்தை,” என்றாள் ரெஜினா. குரல் உடைந்தாலும் கடைசி பெஞ்சு வரை கேட்டது. “நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. இனிமேலும் சொல்ல மாட்டேன். உங்ககிட்டதான் கேக்கறேன். தினமும் விடியக்காலம் சூப்பு குடிக்கறதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்றீங்கன்னு, உங்க வாயால தாயம்மாகிட்ட சொல்லுங்க அத்தை.”